நெருப்பின் மேல் பழி போடாதீர்கள்

என்னோடு வேலை பார்ப்பவர்களில் அயர்லாந்தின் கார்க் நகரத்துக்காரர் ஒருவர் உண்டு. ஒரு வருடமாகக் குடும்ப மரம் தேடும் பித்துப் பிடித்து அலைகிறார். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, “நீ அந்தப் பக்கத்து ஆளுதானே, இது என்ன ஊருன்னு படிச்சுச் சொல்லு” என்றார். சாய்ந்து ஓடும் பழைய கையெழுத்து. திருச்சினாப்பள்ளி. என் அம்மா பிறந்த ஊர்.

அது 1830-களின் ஞானஸ்நானப் பதிவு. கம்பெனிப் படையில் இருந்த அவருடைய முப்பாட்டனுக்கும் முந்தைய ஒருவர், தன் மகனுக்குப் பெயர் வைத்திருக்கிறார். தகப்பனின் முழுப்பெயர், பதவி, படைப்பிரிவு எல்லாம் இருக்கின்றன. தாய்க்கு ஒரே ஒரு சொல்: மேரி. பக்கத்தில், சுதேசிப் பெண் என்று ஒரு குறிப்பு. அவள் யார் மகள், எந்த ஊர், மேரி ஆவதற்கு முன்னால் வேறு பெயர் இருந்ததா, ஒன்றும் இல்லை.

“என்ன பண்றது, எங்க நாட்டு ஆவணமெல்லாம் 1922-ல எரிஞ்சுபோச்சு” என்றார் நண்பர்.

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

எரிந்தது உண்மை. உள்நாட்டுப் போர் தொடங்கிய வாரத்தில், 1922 ஜூன் 30 அன்று, டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்துத் தீக்கிரையானது. உயில்கள், சர்ச் பதிவேடுகள், 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் பெரும்பகுதி எல்லாம் சாம்பல். ஆனால் மற்றக் கணக்கெடுப்புகளைக் கேட்டுப் பாருங்கள். 1861, 1871 தாள்களை அரசாங்கமே அழித்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. இதை யாரும் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதில்லை. நெருப்பு என்றால் ஒரு சோகக் கதை கிடைக்கிறது. குமாஸ்தாவின் கையெழுத்தில் நடந்த அழிவுக்குக் கதை இல்லை.

சரி, அயர்லாந்துக்காரர்களில் எரியாமல் தப்பியது யார்? ராணுவக்காரன். அவனுடைய தாள்கள் டப்ளினில் இல்லை, லண்டனில் இருந்தன. செல்சீ மருத்துவமனை வழியாக ஓய்வூதியம் வாங்கிய படைவீரனின் விடுப்புச் சான்றிதழை இன்றும் எடுத்துப் பார்க்கலாம். பிறந்த பங்கு, பக்கத்து ஊர், படையில் சேரும் முன் செய்த தொழில், உயரம், தலைமுடி நிறம், கண் நிறம், நடத்தை. இவ்வளவும் எதற்கு? பாசத்திலா? காசு கொடுக்க வேண்டியிருந்தது, ஆள் மாறிவிடக் கூடாது, ஓடிப்போனால் பிடிக்க வேண்டும். ஊரோடு உருளைக்கிழங்கு பயிரிட்டுக் கிடந்த தம்பி காணாமல் போனான். சிவப்புச் சட்டை போட்ட அண்ணனின் கண் பழுப்பு நிறம் என்பது வரைக்கும் நமக்குத் தெரிகிறது. ஆக, ‘எங்கள் குடும்பம் ராணுவக் குடும்பம்’ என்று பெருமையடிப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். அந்தப் பெருமையில் பாதி, எந்தக் காகிதம் மிஞ்சியது என்பதிலிருந்து வருவது.

இப்போது மேரிக்கு வருவோம். அவள் பெயர் இருந்த ஏடு டப்ளினில் இருந்ததே இல்லை. மதராஸ் மாகாணத்துச் சர்ச்சுகளின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு தீப்பொறிகூட அவற்றின் மேல் விழவில்லை. மேரியின் மற்ற விவரங்கள் எரியவில்லை ஐயா, எழுதப்படவே இல்லை.

அலட்சியம் மட்டும்தான் காரணம் என்றால் அதுவும் பொய். 1687-இல் கம்பெனி இயக்குநர்களே, தங்கள் சோல்ஜர்கள் சென்னைக் கோட்டையில் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகும் நாளில் தாய்க்கு ஒரு பகோடா கொடுக்கச் சொன்னார்கள். நூறு வருடம் கழித்துக் கணக்கு மாறியது. 1791-இல் இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்குக் கம்பெனியின் உயர்பதவிகள் மூடப்பட்டன. 1795-இல் வந்த தடை, தாய் தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்களைப் படையின் சண்டைப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. மத்தளம் அடிக்கலாம், குழல் ஊதலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம். அதற்கு மேல் இல்லை. இதற்குப் பிறகு அம்மாவின் பெயரைச் சொல்வது பிள்ளையின் சோற்றில் மண் போடுவது. எனவே குமாஸ்தா பாதி மறைத்தான், மீதியைக் குடும்பமே மறைத்தது. இரண்டு தலைமுறையில் பாட்டி ‘போர்ச்சுகீசியக்காரி’ ஆகிவிடுவாள். பிறகு அந்தப் பேச்சும் நின்றுவிடும்.

“அவங்களும் அடிமைப்பட்ட ஜனங்கதானே, பசிக்குத்தானே பட்டாளத்துல சேர்ந்தாங்க?” என்று நம்மிலேயே பலர் உருகுவோம். பசி உண்மை. 1830-இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் சாதாரண வீரர்களில் ஏறத்தாழ 42 சதவீதம் பேர் அயர்லாந்துக்காரர்கள். 1920-இல் ஜலந்தரில் கன்னாட் ரேஞ்சர்ஸ் வீரர்கள் தங்கள் நாட்டில் நடந்த அடக்குமுறையை எதிர்த்து ஆயுதத்தைக் கீழே போட்டதும் உண்மை. அதற்காக ஜேம்ஸ் டேலி டக்‌ஷாயில் சுடப்பட்டதும் உண்மை. எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் ஜாலியன்வாலா பாக் நடந்தபோது பஞ்சாபை ஆண்டு, டயரின் செயலுக்குத் துணை நின்ற மைக்கேல் ஓ’ட்வையரும் டிப்பரரியில் பிறந்தவர்தான். 1857-இல் நீல் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் தலைமையில் காசிக்கும் அலகாபாத்துக்கும் போன மதராஸ் ஃபூசிலியர்ஸ், 1881-இல் ராயல் டப்ளின் ஃபூசிலியர்ஸின் முதல் பட்டாளமானது. மவுண்ட் ரோட்டில் இருந்த நீலின் சிலையை அகற்றச் சொல்லி 1927-இல் நம் ஆட்கள் சிறைக்குப் போனார்கள். டப்ளின் ஃபூசிலியர்ஸ் கலைக்கப்பட்டது 1922 ஜூலை 31 அன்று. காப்பகம் எரிந்து ஒரு மாதம் கழித்து.

ஒடுக்கப்பட்டவன் இன்னொருவனை ஒடுக்க முடியாது என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை. பசி ஒருவனை ஏன் கப்பலேறினான் என்று விளக்கும். அவன் வீட்டில் இருந்தவளின் பெயர் ஏன் வேண்டாததாயிற்று என்பதை விளக்காது.

இதையெல்லாம் நண்பரிடம் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “உன் பாட்டிக்குப் பாட்டி பேரு என்ன?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கொள்ளுத்தாத்தா வரைக்கும் ஆண்கள் பெயரைக் கடகடவென்று ஒப்பிப்பேன். என் இனிஷியலிலேயே ஒருவர் இருக்கிறார். அன்று இரவு அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. “எல்லாரும் ஆயான்னுதான் கூப்பிடுவாங்க” என்றார்.

அதனால் என் கோரிக்கை சிறியது. மரத்தில் அவள் கட்டத்தை ‘தெரியாதவர்’ என்று நிரப்பாதீர்கள். நெருப்பு என்று எழுதாதீர்கள். தெரிந்ததை எழுதுங்கள்: ஊர், வருடம், யாருக்குத் தாய், பெயரை எழுதாமல் விட்டது எந்த ஏடு. எந்த விதி அவளை மறைக்க வைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நண்பர் அப்படித்தான் மாற்றியிருக்கிறார். போன வாரம் காட்டினார். திருச்சினாப்பள்ளி என்று எழுதியதில் மட்டும் ஓர் எழுத்துப் பிழை. திருத்திக் கொடுத்தேன்.