அரசாங்கப் பள்ளியில் சமயமும் அரசியலும்



பள்ளியில் சமயம் போதிக்கப்படலாமா, அரசியல் பேசப்படலாமா என்னும் கேள்வி நம் நாட்டில் அவ்வப்போது எழுந்து அடங்குகின்றது. அது எழும்போதெல்லாம் பிறர் என்ன செய்கின்றனர் என்றே நாம் பார்க்கின்றோம். நம் தமிழ்ப்பள்ளிகளுக்குள்ளும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது நலம்.

முதலில் சட்டம் கூறுவதை அறிவோம். 1957-இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 12-ஆவது விதி, தம் சமயமல்லாத வேறொரு சமயத்தின் போதனையைப் பெறுமாறோ, அதன் சடங்கிலும் வழிபாட்டிலும் கலந்துகொள்ளுமாறோ எவரும் கட்டாயப்படுத்தப்படலாகாது என்கின்றது. பதினெட்டு வயது நிரம்பாதவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்வர் என்பதும் அவ்விதியிலேயே உள்ளது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமோ, ஐவர் அல்லது அதற்கு மேற்பட்ட முசுலிம் மாணவர் பயிலும் பள்ளியில் வாரம் இரண்டு மணி நேரத்திற்குக் குறையாமல் இசுலாமியக் கல்வி புகட்டப்பட வேண்டும் என்கின்றது. அரசாங்க உதவி பெறும் பள்ளியின் வாரியத்தினர் பிற சமய வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்யலாம். ஆனால் நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தில் ஒரு காசும் அதற்குச் செலவாகக் கூடாது. முசுலிம் அல்லாத பிள்ளைகள் நன்னெறிக் கல்வி பயில்கின்றனர்.

இதில் நம்மவர் சிலருக்கு மனக்குறை உண்டு. நம் சமயத்தையும் பாடமாக்கி அரசாங்கமே ஆசிரியரை நியமிக்கட்டும் என்பர். அக்கோரிக்கையில் நியாயமே இல்லை என்று நான் கூறமாட்டேன். ஆயினும் அண்டை நாடான சிங்கப்பூரின் அனுபவத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கு 1984-இல் உயர்நிலைப்பள்ளியின் மேல்வகுப்புகளில் சமய அறிவு கட்டாயப் பாடமாயிற்று. விவிலியம், பௌத்தம், இசுலாம், இந்து சமயம் முதலியவற்றுடன் கன்பூசிய நெறியும் அதில் இடம் பெற்றது. ஒழுக்கம் வளரும் என்பதே நோக்கம். ஆனால் சமய வேகம் மிகுந்து வேற்றுமை உணர்வு தலைதூக்குமோ என்ற கவலை பிறந்தது. 1989-இல் அத்திட்டத்தைக் கைவிட அந்நாட்டு அரசாங்கமே முடிவு செய்தது. பல சமயங்களுக்கு இடமளித்த பின்னரே இந்நிலை என்பதைக் கவனிக்க. பாட மணி அடித்ததும் பிள்ளைகள் சமயவாரியாகப் பிரிந்து செல்வது எளிய செயலன்று.

ஆகவே சமயப் போதனைக்குரிய இடம் இல்லமும் வழிபாட்டுத் தலமுமே என்பது என் கருத்து. (திருவிழாப் பந்தலுக்குத் தாராளமாகப் பணம் திரட்டும் ஆலயக் குழுவினர், ஞாயிற்றுக்கிழமைத் தேவார வகுப்பிற்கு ஒரு கரும்பலகை வாங்கத் தயங்குவது ஏனோ!)

இனி நம் பள்ளிக்கு வருவோம். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நிர்வாகங்கள் பல, லயத்து வீட்டிலும் கோயில் மண்டபத்திலும் பள்ளியை நடத்தின. பள்ளியும் கோயிலும் நெருங்கியது இவ்வாறே. அதில் குற்றமில்லை. ஆனால் தமிழர் அனைவரும் இந்துக்கள் அல்லர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் தமிழுக்கு உரியவர்களே. தோட்டத்துக் கிறிஸ்துவக் குடும்பத்துப் பிள்ளையும் தமிழ் முசுலிம் பிள்ளையும் நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கின்றனர்.

சரசுவதி பூசையன்று அப்பிள்ளைகள் என்ன செய்கின்றனர்? கைகூப்பச் சொல்லப்படுகின்றனரா, ஒதுங்கி நிற்கின்றனரா? அவர்தம் பெற்றோரை யாரேனும் கேட்டதுண்டா? தேசியப்பள்ளியில் பயிலும் நம் பிள்ளைக்கு எந்தச் சட்டத்தைக் காவலாகக் காட்டுகின்றோமோ, அதே சட்டம் இப்பிள்ளைக்கும் காவலன்றோ? தீபாவளி, நோன்புப் பெருநாள், கிறிஸ்துமஸ் ஆகியவற்றின் வரலாற்றை எல்லாப் பிள்ளைகளுக்கும் கூறுவது அறிவு புகட்டல். வணங்கு என்பது வேறு. ஆசிரியப் பெருமக்கள் இவ்வேறுபாட்டை நன்கறிவர். பழக்கமே கண்ணை மறைக்கின்றது.

அரசியலுக்கும் இதே அளவுகோல்தான். 1969 மே 13 கலவரத்திற்குப் பின், 1970 ஆகஸ்டு 31-இல் பிரகடனம் செய்யப்பட்ட தேசியக் கோட்பாட்டைப் பிள்ளைகள் சபைகூடலில் ஒப்புவிக்கின்றனர். அதன் முதற்கோட்பாடு இறைவன் மீது நம்பிக்கை வைக்கச் சொல்கின்றது; எச்சமயத்தின் இறைவன் என்று கூறவில்லை. அதன் பொருளை விளக்குவது பள்ளியின் கடமை. கட்சிக்காரர் விளையாட்டுப் போட்டிக்கு வந்து பெரிய அட்டைக் காசோலையைக் காட்டித் தம் கட்சியின் பெருமையை அரைமணி நேரம் முழக்குவதும், வெயிலில் பிள்ளைகள் அணிவகுத்து நிற்பதும் பள்ளியின் கடமையில் சேரா. 2021 டிசம்பர் முதல் வாக்களிக்கும் வயது பதினெட்டு. ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளை அடுத்த ஆறே ஆண்டுகளில் வாக்காளராகின்றது. வாக்கு என்பது யாது, நாடாளுமன்றம் எவ்வாறு இயங்குகின்றது என்று அதற்குக் கற்பிப்போம். யாருக்கு வாக்களிப்பது என்பதை அது வளர்ந்தபின் தானே முடிவு செய்யட்டும்.

அடுத்து வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு சிறு ஏற்பாட்டைப் பரிசீலிக்குமாறு வேண்டுகின்றேன். பூசை நடைபெறுவதற்கு ஒரு வாரம் முன்னதாக எல்லாப் பெற்றோருக்கும் கடிதம் அனுப்பலாம். தம் பிள்ளை கலந்துகொள்ள வேண்டாம் என்று எழுதித் தரும் பெற்றோரிடம் காரணம் கேட்க வேண்டியதில்லை. அவ்வேளையில் அப்பிள்ளைகளுக்கு நூலகத்தைத் திறந்துவிட்டு, ஓர் ஆசிரியர் உடனிருந்து கதை சொல்லலாம். பூசை முடிந்து பொங்கலும் சுண்டலும் பரிமாறும் நேரத்தில், விரும்பும் பிள்ளைகள் வந்து தம் தோழர்களுடன் ஒரே வரிசையில் அமரட்டும்.