கப்பல் ஏன் கவிழ்ந்தது?

மதகடிப்பட்டில் கடல் கிடையாது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற சாலையில் இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிற ஊர். செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை, சோழர் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயில், காலையும் மாலையும் கல்லூரிப் பேருந்துகள். தண்ணீர் என்றால் இங்கே ஏரியும் வாய்க்காலும்தான். ஊர்ப் பெயரிலேயே மதகு இருக்கிறது.

ஆனாலும் கடல் படங்களை இந்தப் பக்கத்துக்காரர்கள் வெறும் வேடிக்கையாகப் பார்த்துவிட முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை வந்த சுனாமியில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் மட்டும் ஏறத்தாழ 600 பேர் போனார்கள். அதில் பெரும்பாலோர் காரைக்காலில். திரையில் ஓர் அலை எழும்பினால் இங்கே உள்ளவர்களுக்கு அது கிராபிக்ஸ் என்று மட்டும் தோன்றாது.

அப்படிப்பட்ட கண்ணோடு பார்க்க ஒரு பழைய படம் இருக்கிறது. 1972-ல் வந்த 'தி பொசைடன் அட்வென்ச்சர்'. பால் காலிகோ எழுதிய நாவல்; தயாரிப்பு இர்வின் ஆலன், இயக்கம் ரொனால்ட் நீம். புத்தாண்டு இரவில் ஒரு சொகுசுக் கப்பல் ராட்சத அலையில் சிக்கித் தலைகீழாகக் கவிழ்கிறது. கூரை தரையாகிறது, தரை கூரையாகிறது. தப்பிக்க வேண்டுமானால் மேலே ஏற வேண்டும். ஆனால் இப்போது மேலே இருப்பது கப்பலின் அடிப்பகுதி. விருந்து மண்டபத்தில் நிற்கும் கிறிஸ்துமஸ் மரத்தையே ஏணியாக்கி ஒரு சிறு கூட்டம் ஏறத் தொடங்குகிறது. அவர்களை நடத்திச் செல்லும் பாதிரியாராக ஜீன் ஹாக்மன். சுமார் 50 லட்சம் டாலரில் எடுத்த படம். தலைகீழ் மண்டபத்தை நிஜமாகவே செட் போட்டுக் கட்டினார்கள்.

2006-ல் அதை மறுபடி எடுத்தார்கள். பெயர் 'பொசைடன்'. இயக்கியவர் சாதாரண ஆள் இல்லை. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் உலகத்தையே மூச்சுத் திணற வைத்த 'தாஸ் பூட்' படத்தின் வொல்ஃப்காங் பீட்டர்சன். செலவு 16 கோடி டாலர். அலை பிரமாதம், கப்பல் பிரமாதம், நெருப்பு பிரமாதம். படம் நஷ்டம்.

அறிவியல் கணக்கு போட்டால் புதுப் படம்தான் சரி என்பது இதில் ஒரு விந்தை. பழைய படத்தில் கடலடி நிலநடுக்கம் வருகிறது. அது கிளப்பிய அலை நடுக்கடலில் மலைபோல் எழுந்து கப்பலைப் புரட்டுகிறது. சுனாமி அப்படி நடப்பதில்லை. ஆழ்கடலில் அது விமான வேகத்தில் போகும், ஆனால் உயரம் இருக்காது. 2004-ல் நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலில் அளந்தபோது அலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர்தான். ஆழத்தில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. கரைக்குத் திரும்பிய பிறகுதான் வீடு இருந்த இடம் வெறும் மணலாகக் கிடந்தது தெரிந்தது.

2006 படம் நிலநடுக்கத்தை விட்டுவிட்டது. காரணம் சொல்லாமல் திடீரென எழும் தனி அலை என்று வைத்துக்கொண்டது. அப்படி ஓர் அலை உண்டா என்று விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் சந்தேகப்பட்டார்கள். மாலுமிகள் கதை விடுகிறார்கள் என்றார்கள். 1995 ஜனவரி 1 அன்று வட கடலில் ட்ராப்னர் என்ற எரிவாயு மேடையின் கருவி கிட்டத்தட்ட 26 மீட்டர் உயர அலையைப் பதிவுசெய்தது. அதுவும் புத்தாண்டு தினம்தான், பாருங்கள்!

பிறகு எங்கே கோட்டை விட்டார்கள்? பழைய படத்தின் முதல் அரை மணி நேரத்தைப் பார்த்தால் புரியும். கப்பல் உடைப்புக்குப் போகும் கடைசிப் பயணம் அது. அடியில் போதிய எடை இல்லை, மேல்பாரமாக ஆடுகிறது. எடை ஏற்ற வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும் என்கிறார் கேப்டன். (பின்னாளில் 'நேக்கட் கன்' படங்களில் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த லெஸ்லி நீல்சன்தான் இந்தக் கேப்டன். இதில் சிரிக்கவே மாட்டார்.) கம்பெனியின் ஆளாக வந்திருப்பவரோ நேரமும் பணமும் வீண் என்று சொல்லி முழு வேகத்தில் போகச் சொல்கிறார். அலை வருவதற்கு முன்பே கப்பல் பாதி கவிழ்ந்துவிட்டது. மறுபதிப்பு தூக்கி எறிந்தது இந்த அரை மணி நேரத்தைத்தான். அதில் அலை வருகிறது, கப்பல் கவிழ்கிறது, ஓடுகிறார்கள். யார் மேல் கோபப்படுவது என்றே பார்ப்பவருக்குத் தெரியாது. ஓடுகிறவர்கள் யார் என்பதும் சரியாகத் தெரியாது. பழைய படத்தில் ஷெல்லி விண்டர்ஸ் நடித்த அந்தக் கனத்த உடம்புப் பாட்டி, இளவயதில் நீச்சலில் பரிசு வாங்கியவள், மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் பாய்ந்து பாதிரியாரைக் காப்பாற்றிவிட்டுத் தன் உயிரை விடுகிறாளே, அந்த ஒரு காட்சிக்கு ஈடாக 16 கோடி டாலரில் ஒன்றும் இல்லை.

புதுச்சேரிக்கும் கடலில் தப்பிப் பிழைக்கும் கதைக்கும் நேரடிச் சொந்தம் ஒன்று உண்டு. யான் மார்ட்டெல்லின் 'லைஃப் ஆஃப் பை' கதை நாயகன் புதுச்சேரிப் பையன். ஆங் லீ 2011 ஜனவரியில் இங்கே வந்து படம் பிடித்தார். கடலை மட்டும் இங்கே எடுக்கவில்லை. தைவானின் தைச்சுங் நகரில், பழைய விமான நிலையத்தில் பெரிய தொட்டி கட்டி அலையை உண்டாக்கினார். ஆலோசனைக்கு ஸ்டீவன் கலஹன் என்பவரை அழைத்தார். 1982-ல் அட்லாண்டிக்கில் 76 நாட்கள் ரப்பர் மிதவையில் தனியாகக் கிடந்து பிழைத்தவர் அவர். அந்தக் கதையின் முடிவிலும் ஜப்பானிலிருந்து இரண்டு பேர் வந்து பையனிடம் கேட்பது ஒரே கேள்விதான்: கப்பல் ஏன் மூழ்கியது?

தமிழில் 2024-ல் சிம்புதேவன் 'போட்' எடுத்தார். 1943-ல் ஜப்பான் குண்டு பயத்தில் சென்னையிலிருந்து கடலுக்குள் போன சிலர், ஒரே படகு, யோகி பாபு. ஹிட்ச்காக்கின் 1944 'லைஃப்போட்' நினைவுக்கு வராமல் இருக்காது. நல்ல முயற்சி, பேச்சு கொஞ்சம் கூடிப்போனது.

பொசைடனையே யாராவது தமிழில் எடுக்க நினைத்தால் சொகுசுக் கப்பலைத் தேட வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல நாள் முன்பே கிளம்பிவிட்டிருந்தன. அவர்கள் இருந்த தூரத்துக்குக் கைபேசி எட்டாது. எச்சரிக்கை கரைக்கே தாமதமாகத்தான் வந்தது என்பது மீனவர்கள் இன்றுவரை சொல்லும் குறை. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் மிதந்து வந்தவர்கள் உண்டு, வராமலே போனவர்களும் உண்டு. அந்தப் படத்தின் முதல் அரை மணி நேரத்தில் அலையே வேண்டாம். கரையில் ஓர் அலுவலகம், மேஜை மேல் ஒரு வானிலை அறிக்கை, கடலுக்குள் சிக்னல் கிடைக்காத ஒரு வயர்லெஸ் பெட்டி இருந்தால் போதும்.