பரிசோதனைத் தாள் தீர்ப்புச் சீட்டு அல்ல

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டிப்போட்ட பின், மண்சரிவில் காம்பிராவையும் மரக்கறிப் பாத்தியையும் இழந்த குடும்பங்கள் பலவற்றோடு நாம் பழகி வருகிறோம். அவர்களுள் ஒரு சகோதரர், சேறு நிறைந்த தம் வீட்டைத் துப்புரவு செய்யப் போனார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் காசு கட்டி இரத்தம் சோதித்தார். 'எலிக்காய்ச்சல் இல்லை' என்று தாள் வந்தது. அதை நம்பி முகாமிலேயே படுத்துக்கொண்டார். கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்த பிறகே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றோம். வைத்தியர்களின் உழைப்பால் பிழைத்தார்.

அந்தத் தாள் பொய் சொன்னதா? இல்லை. நேரம் வருமுன் கேட்ட கேள்விக்கு அது பதில் சொன்னது. அவருக்குச் செய்த சோதனை கிருமியைத் தேடுவதல்ல. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியைத் தேடுவது. அது இரத்தத்தில் தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும். மூன்றாம் நாளில் 'இல்லை' என்றால் 'இன்னும் தெரியவில்லை' என்றே பொருள்.

பெரிய ஆய்வுகூடத்துச் சோதனையாவது தவறாதா? எலிக்காய்ச்சலுக்கு 'மாட்' எனப்படும் சோதனையே நெடுங்காலமாக உரைகல்லாக இருந்து வந்தது. உயிருள்ள கிருமியோடு நோயாளியின் இரத்தநீரைக் கலந்து, கிருமிகள் ஒட்டித் திரள்கின்றனவா என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். புதிய சோதனை எது வந்தாலும் இதனோடு உரசிப் பார்த்தே மதிப்பிட்டார்கள். உரைகல்லே தேய்ந்திருந்தால்? நல்ல பொன்னும் பித்தளையாகத் தெரியும் அல்லவா?

தாய்லாந்து நோயாளிகளை வைத்துச் செய்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு இதையே கேட்டது. எந்தச் சோதனையையும் முழு உண்மை என்று கொள்ளாமல், ஒரே வழக்கில் ஐந்து சாட்சிகளை விசாரித்து எவர் எவ்வளவு நம்பத்தக்கவர் எனக் கணிப்பதுபோல, ஐந்து சோதனைகளின் பதில்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டது. 'மாட்' நோயுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரைத் தவறவிட்டதாகத் தெரிந்தது. நம் நாட்டு நோயாளிகளிடம் செய்து 2015இல் வெளியான ஆய்விலும், அதைவிட விரைவுச் சோதனையே அதிகம் பேரைக் கண்டுபிடித்தது.

தவறு மறுபக்கமும் நேரும். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு எஞ்சியது ஒரே பசு என்று வைத்துக்கொள்வோம். கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா நோய் அதற்கு 'உண்டு' என்று சோதனை சொல்கிறது. உடனே அடிமாட்டு விலைக்கு விற்றுவிடுவதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 மாடுகளில் 10 மாடுகளுக்கு நோய் உண்டென்க. சோதனை அந்தப் பத்தில் ஒன்பதைப் பிடிக்கிறது. நோயில்லாத நூறு மாடுகளில் ஐந்தைத் தவறாகக் காட்டுகிறது என்றும் கொள்வோம். 'உண்டு' என்று வருபவை ஏறக்குறைய 59. உண்மையில் நோயுள்ளவை 9 மட்டுமே! நோய் அரிதாக இருக்கும் இடத்தில் நல்ல சோதனையும் இப்படித் தடுமாறும். தடுப்பூசி போட்ட பசுவும் சிலவேளை 'உண்டு' என்று காட்டும். ஆகவே இரண்டாவதாக வேறொரு சோதனை செய்யும்படி கால்நடை வைத்தியரைக் கேளுங்கள். அதுவரை பசுவைத் தனியே கட்டுங்கள். பாலைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். விழுந்த கருவை வெறுங்கையால் தொடாதீர்கள்.

சோதனையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2008இல் நம் நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டது. அத்தகைய நோயைக் கண்களால் மட்டும் பிரித்தறிய முடியாது. தொடக்கத்தில் டெங்குபோலவே இருக்கும். நாம் கேட்பது, தாளை எப்படி வாசிப்பது என்பதை ஏழைக்கும் சொல்லுங்கள் என்பதே. காய்ச்சலின் எத்தனையாம் நாள் இரத்தம் எடுக்கப்பட்டது என்று தாளில் எழுதுங்கள். 'இல்லை' என்று வந்தால் மறுபடி எப்போது வரவேண்டும் என்று திகதி கொடுங்கள். முகாமில் இருப்பவருக்கு அந்தப் பயணத்துக்குப் பஸ் காசும் தேவை. இவை சலுகைகள் அல்ல, சிகிச்சையின் பகுதியே.

உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. காய்ச்சல் வந்தால், "சேற்றில் இறங்கி வேலை செய்தேன், காலில் புண் இருந்தது, மாட்டுத் தொழுவம் கழுவினேன்" என்று வைத்தியரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். எந்தச் சோதனையும் அறியாத சாட்சி அது. சந்தேகம் வலுத்தால் முடிவுக்குக் காத்திராமலே வைத்தியர் மருந்து தொடங்குவார். சேற்றில் இறங்குமுன் தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

நிலத்தைப் பற்றிய முடிவுகளை நம்மைக் கேளாமலே பலர் எடுத்தார்கள். நம் உடம்பையும் நம் மாட்டையும் பற்றிய முடிவிலாவது, ஒரு கேள்வி கேட்க நாம் பழகிக்கொள்வோம்.