மாரடைப்புக்கும் ஒரு முகவரி உண்டு

பீடி, சிகரெட் பழக்கம் உண்டா? குடிப்பீர்களா? சர்க்கரை, பிரஷர் இருக்கிறதா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வருகிறவரிடம் கேட்கும் கேள்விகள் இவை. கேட்க வேண்டியவைதான். ஆனால் என்ன வேலை செய்கிறீர்கள், வீட்டைச் சுற்றி என்ன எரிகிறது என்ற கேள்விகள் பெரும்பாலும் வருவதேயில்லை. முகவரி சீட்டில் ஏறுகிறது. நோய்க்கான காரணமாக மட்டும் ஏறுவதில்லை.

காற்று மாசு என்றதும் நமக்கு இருமலும் ஆஸ்துமாவும்தான் நினைவுக்கு வருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு வேறு. 2019இல் வெளிக்காற்று மாசால் உலகெங்கும் அகால மரணமடைந்தவர்கள் சுமார் 42 லட்சம் பேர். அவர்களில் 68 விழுக்காட்டினரைக் கொன்றது இதய நோயும் பக்கவாதமும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் கடைசி அறைவரை போய் அழற்சியை உண்டாக்குகின்றன. ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, இதயத் துடிப்பின் சீர் குலைகிறது. ஏற்கெனவே கொழுப்பு படிந்திருக்கும் ரத்தக் குழாயில் அடைப்பு விழ இது போதும். இதற்குப் பல ஆண்டுகள் ஆகவேண்டும் என்பதில்லை. சில மணிநேரம் முதல் சில வாரங்கள்வரை இந்தத் துகள்களைச் சுவாசிப்பதே மாரடைப்பைத் தூண்டலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2010இலேயே சொல்லிவிட்டது.

"அதெல்லாம் டெல்லிப் பிரச்சினை, சென்னைக்குக் கடற்காற்று இருக்கிறது" என்று நம் தோழர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். கடற்காற்று உள்ளே வருவது பெரும்பாலும் நண்பகலை ஒட்டி. தெருக் கூட்டுகிறவர்கள் விடியும் முன்பே வேலைக்கு வந்துவிடுகிறார்கள். குளிர்மாத விடியலில் காற்று அசையாது, புகையும் தூசியும் மேலே போகாமல் தரையை ஒட்டியே கிடக்கும். போகியன்று ஊர் கொளுத்திய டயர் புகைக்கு நடுவிலும், தீபாவளிக்கு மறுநாள் வெடிமருந்துக் குப்பைக்கு நடுவிலும் துடைப்பத்தோடு நிற்பது யார்? பெரும்பாலும் தலித் மக்கள், அவர்களிலும் பெண்கள். நகரம் முழுவதற்கும் ஒரே காற்று என்பது ஜன்னலைச் சாத்திக்கொள்ள முடிந்தவர்களின் வசனம்.

வடசென்னையின் வரைபடத்தைப் பாருங்கள். எண்ணூரில் அனல்மின் நிலையமும் சாம்பலும், மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, கொடுங்கையூரில் நகரத்தின் குப்பை மலை. அந்தக் கொடுங்கையூரிலேயே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து அங்குள்ள மக்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே சேரியை வைத்த அதே புத்திதான், மாநகரத்தின் கழிவை யார் வீட்டு வாசலில் கொட்டுவது என்பதையும் முடிவு செய்கிறது. இதைச் சூழலியல் பிரச்சினை என்று மட்டும் பேசுகிறவர்கள் சாதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறது, மாத்திரை தருகிறது. முதலமைச்சர் காப்பீட்டில் ஸ்டென்ட் வைக்க முடிகிறது. நல்ல காரியங்கள். ஆனால் மாத்திரை வாங்கியவர் மறுநாள் விடியற்காலை அதே புகைக்குள்தான் போகிறார். ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு ஓய்வுக்கான சம்பளமாவது கிடைக்குமா? 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் உட்கார்ந்து தனியார்மயத்தை எதிர்த்த தொழிலாளர்கள் பணிப் பாதுகாப்பு கேட்டார்கள். நள்ளிரவில் கைதுதான் கிடைத்தது. அவர்கள் கேட்டது இதயத்துக்கான பாதுகாப்பும்தான் என்று நான் படிக்கிறேன்.

நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியச் சட்டம் 40 வரை அனுமதிக்கிறது. அந்த எண்ணைக் குறைக்கப் போராடுவது ஒரு பக்கம். இன்னொன்றை நாளையே தொடங்கலாம். மணலியில் காற்றை அளக்கும் கருவி இருக்கிறது, அந்த அளவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். நெஞ்சுவலியோடு யார், எந்தத் தேதியில், எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்பது சுகாதாரத் துறையிடம். இரண்டையும் சேர்த்து வைத்து, பெயர்களை நீக்கி, வார்டு வாரியாக மாதாமாதம் வெளியிடட்டும். உள்நோயாளிச் சீட்டில் தொழிலுக்கு ஒரு கட்டம் சேர்க்கட்டும். தூய்மைப் பணியாளரின் மாரடைப்பைத் தொழில்சார் நோயாக ஏற்று இழப்பீடு தரட்டும். அதற்கு முதலில் எண்ணிக்கை வேண்டும். அதை எடுக்கத்தான் யாருக்கும் அவசரமில்லை.