ரேஸுக்கு ஒரு பழைய ஜென்

ரேஸ் ஓட்டிப் பார்க்கும் ஆசையோடு என் பட்டறைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பதில் பல வருடமாக மாறவில்லை. பழைய மாருதி ஜென் ஒன்று வாங்கு. துரு இல்லாததாகப் பார்த்து வாங்கு. மிச்சப் பணத்தை இன்ஜினில் போடாதே. இதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு முகம் தொங்கிவிடும். அவர்கள் கைப்பேசியில் வைத்திருக்கும் படம் வேறு. வி-டெக் இன்ஜின் வைத்த பழைய ஹோண்டா சிட்டி, இல்லையென்றால் சென்னையில் யாரோ விற்கும் போலோ ஜிடி. "அண்ணே, ஜென் எங்க ஆயா மார்க்கெட்டுக்குப் போற வண்டிண்ணே" என்றான் ஒரு தம்பி. ஆயா ஓட்டியது என்றால் இன்னும் நல்லது, கிளட்ச் பிளேட் பாக்கியிருக்கும் என்றேன்.

புதுச்சேரி நோணாங்குப்பத்தில், கடலூர் சாலையை ஒட்டி இருக்கிறது என் பட்டறை. சனி, ஞாயிறு வந்தால் சுண்ணாம்பாறு படகுத் துறைக்குப் போகும் வெளியூர் கார்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்தக் கூட்டம் கலைந்ததும் வேறு சத்தம் கேட்கும். சைலன்சரை வெட்டிய கார்கள் இரண்டு மூன்று பாலத்தை நோக்கிப் பறக்கும். ஓட்டுகிறவர்களில் சிலர் பகலில் என்னிடம் வேலைக்கு வண்டி விடுகிறவர்கள்தான். இவர்களைத் திட்டி ஒரு கட்டுரை எழுதலாம். அதை எல்லோரும் எழுதியாகிவிட்டது. ஆசைப்படுகிறவனுக்குக் கைக்கு எட்டும் விலையில் ஒரு வழியைக் காட்டாமல் சாலையை விட்டுப் போ என்றால் அவன் எங்கே போவான் என்பதுதான் என் கேள்வி.

வழி ஒன்றும் புதிதல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இலேயே தொடங்கிவிட்டது. சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் அவர்கள் ரேஸ் நடத்தியபோது, ராஜாக்களும் ஆலை முதலாளிகளும் வெளிநாட்டு வண்டி கொண்டுவந்தார்கள், உண்மைதான். ஆனால் அதே தளத்தில் ஃபியட்டும் ஹெரால்டும் ஓடின. வாரம் முழுக்க ஊரில் ஓடும் வண்டிகள் அவை. பிறகு 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை தடம் வந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். இங்கிருந்து திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகப் போனால் நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். விடியற்காலையில் கிளம்பினால் டிபன் நேரத்துக்குத் தடத்தில் இருக்கலாம்.

கோவை கரிவர்தனைப் பற்றி இந்தத் தலைமுறைக்கு யாரும் சொல்வதில்லை. இந்தியாவில் ரேஸ் கார் என்றால் கோடீஸ்வரன் இறக்குமதி செய்வது என்றிருந்த காலம் அது. அவர் குழாயில் சட்டம் கட்டி, மாருதி 800இன் 796 சிசி இன்ஜினை அதில் பொருத்தினார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இன்ஜின், எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டக்கூடியது. 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அந்த வகை வண்டியில்தான். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஜென் வாங்கு என்று நான் சொல்வதும் அவர் போட்ட கணக்கின் பாக்கிதான்.

ஜென் 1993இல் வந்தது, 2006இல் நின்றது. 993 சிசி, நாலு சிலிண்டர், அலுமினிய இன்ஜின், சுமார் 50 குதிரைத் திறன். வண்டியின் எடை முக்கால் டன்னுக்குப் பக்கம். இந்த எடைதான் விஷயம். கனமான வண்டி டயரைத் தின்னும், பிரேக்கைத் தின்னும். வாரக் கடைசியில் ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவன் பையைக் காலி செய்வது இந்த இரண்டும்தான். இதில் 13 அங்குல டயர் மாட்டலாம், விலை கம்மி. டிரைவ் ஷாஃப்ட் போனால் உள்ளூரிலேயே கிடைக்கும். கியர்பாக்ஸ் முழுசாக வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டையில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். போலோ ஜிடி டிஎஸ்ஐயின் கியர்பாக்ஸைப் பிரிக்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது. நான் அந்த வண்டியைக் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்குத் தடத்தின் ஓரத்தில் உடைந்து நிற்கும்போது வண்டியின் அருமை பெருமை உதவாது, பார்ட்ஸ்தான் உதவும்.

இன்னொன்று, 50 குதிரையில் ஏமாற்ற முடியாது. நூறு குதிரைக்கு மேல் இருக்கும் சிட்டியில் வளைவைத் தப்பாக எடுத்தாலும் நேர்ப்பாதையில் காலை அழுத்தி ஈடுகட்டிவிடலாம். நன்றாக ஓட்டுகிறோம் என்ற நினைப்பும் வந்துவிடும். ஜென்னில் வளைவுக்குள் பத்து கிலோமீட்டர் வேகம் இழந்தால் அதைத் திரும்பப் பிடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். எங்கே பிரேக், எங்கே திருப்பல், எப்போது மறுபடி ஆக்ஸிலேட்டர் என்று கை, கால், கண் மூன்றும் சேர்ந்து படிக்க வேண்டியிருக்கும். இதைப் படிக்காதவனுக்குப் பெரிய இன்ஜின் கொடுப்பது சுவரை நோக்கிச் சீக்கிரம் போக வைப்பதுதான். பழகிய பிறகு வேகம் வேண்டுமென்றால் எஸ்டீமின் 1300 இன்ஜின் இருக்கிறது, இதே குடும்பத்துப் பிள்ளை. ஆனால் இன்ஜின் மாற்றிய வண்டியைப் பல பிரிவுகளில் சேர்க்கமாட்டார்கள். அதனால் அது பிறகு பேசவேண்டிய பேச்சு.

இப்போது துரு. எங்கள் ஊர்க்காரர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

சுண்ணாம்பாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். காலையில் பானட்டைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். அந்த உப்பு தகரத்தின் இடுக்கில் போய் உட்கார்ந்து உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கீழே தரை சல்லடையாகிக் கிடக்கும். ரேஸ் காருக்குள் இரும்புக் குழாயில் ஒரு கூண்டு கட்டுவோம், ரோல் கேஜ். அதன் கால்கள் காரின் தரைத் தகரத்தில் தகடு வைத்துப் பற்ற வைக்கப்படுகின்றன. வண்டி உருண்டால் மொத்தப் பாரமும் அந்த நாலு, ஆறு இடங்களில் இறங்கும். துருப்பிடித்த தரையில் கட்டிய கேஜ், உருளும்போது தரையைக் குத்திக்கொண்டு வெளியே போய்விடும். கூரை ஓட்டுகிறவன் தலைமேல் இறங்கும்.

ஆகவே காரைப் பார்க்கப் போகும்போது ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு சின்னக் காந்தமும் கொண்டு போ. மேட்டைத் தூக்கித் தரையைக் குத்திப் பார். கதவுக்குக் கீழே ஓடும் சில், பேட்டரிக்கு அடியில், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளம், முன்பக்கம் பானட்டுக்குள் ஷாக் அப்சர்பரின் மேல் மவுண்டிங், இத்தனை இடமும் பார். காந்தம் ஒட்டாத இடத்தில் டிங்கர் பட்டி போட்டு நிரப்பியிருக்கிறார் என்று அர்த்தம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார். நுனியில் சேற்றுக் கோடு தெரிந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு அப்படிப்பட்ட கார்கள் நிறையவே கை மாறியிருக்கின்றன, உள்ளே சென்ட் அடித்து. என்னைக் கேட்டால் ஜென்னைச் சேலம், ஈரோடு பக்கம் தேடு. உலர்ந்த ஊர், தகரம் சுத்தமாக இருக்கும். பதினைந்து வருடம் தாண்டி மறுபதிவு செய்ய மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் லட்சத்துக்கு ரொம்பக் கீழேயே பேசுவார்கள். மறுபதிவு வேண்டாமென்றாலும் புக்கை அவர் பெயரிலேயே விட்டுவிட்டு வராதே, நாளைக்கு வம்பு.

காசைச் செலவழிக்கும் வரிசையில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். முதலில் சைலன்சர், பிறகு அலாய் வீல், பிறகு ஸ்டிக்கர். பெல்ட்டுக்கு வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. அமெரிக்காவில் 2006இல் "24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்" என்று ஒரு போட்டி தொடங்கினார்கள். கார் 500 டாலருக்குள் இருக்க வேண்டும், பாதி கேலியாக நடக்கும் போட்டி. ஆனால் பாதுகாப்புச் சாமான்களின் விலையை அந்த 500இல் சேர்க்கமாட்டார்கள். கேலி செய்கிறவர்களுக்கே தெரிந்திருக்கிறது, எதில் கஞ்சத்தனம் பிடிக்கலாம், எதில் கூடாது என்று. கேஜ், பக்கெட் சீட், ஆறு முனை பெல்ட், தீப்பிடிக்காத சூட், கார் ரேஸுக்கென்று சான்று பெற்ற ஹெல்மெட். பைக் ஹெல்மெட் ஆகாது, உள்ளே இருக்கும் துணி தீயைத் தாங்காது. ரேஸ் பெல்ட்டுக்குக் காலாவதி உண்டு, ஐந்து வருடம். பழையதை மலிவு என்று வாங்குவதற்கு முன் அதில் தைத்திருக்கும் வருடத்தைப் பார். இவையெல்லாம் சேர்ந்தால் காரின் விலையை எளிதாகத் தாண்டிவிடும். தாண்டட்டும். அதற்காகத்தான் கார் மலிவாக இருக்க வேண்டும் என்கிறேன்.

அடுத்து பிரேக். புது பேட், புது பிரேக் ஆயில், டாட் 4. பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். நாலு சுற்றில் சூடேறிக் கொதிக்கும், பெடல் தொளதொளவென்று தரையைத் தொடும். ரேடியேட்டரைச் சுத்தம் செய், நம் வெயிலுக்கு அது அவசியம். இன்ஜினைத் தொடாதே.

கேஜ் கட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டலாமா என்று கேட்பார்கள். கூடாது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. சட்டத்தை விடு, ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பது தற்கொலை. சாதாரண ஆக்ஸிடென்ட்டிலேயே மண்டை உடையும். இன்னொரு விஷயம், வீட்டுக் காரின் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து "பயன்படுத்தும் வரம்பு" என்ற இடத்தைப் படித்துப் பாருங்கள். ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் காப்பீடு இல்லை என்று இருக்கும். அப்பா தவணை கட்டும் காரை எடுத்துக்கொண்டு போய் விளையாட நினைப்பவர்கள் இதை முதலில் படிக்க வேண்டும்.

அரியாங்குப்பத்திலிருந்து ஒரு பெண், இன்ஜினீயரிங் படிக்கிறவள், அப்பாவோடு வந்திருந்தாள். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. "மேஸ்திரி, ஜென் வெறும் தகரம். ஏர்பேக்கும் கிடையாது. கூட்டத்தில ஓடி நாலு வண்டி மோதினா என்ன மிஞ்சும்?" கேஜ் இருந்தாலும் சின்ன வண்டி சின்ன வண்டிதான், அதை மறைக்க மாட்டேன். அதனால்தான் முதல் வருடம் கூட்டத்தில் ஓடவே வேண்டாம் என்றேன். கடிகாரத்தை எதிர்த்துத் தனியாக ஓடும் டைம் அட்டாக் இருக்கிறது, கூம்புகளுக்கு நடுவே வளைந்து ஓடும் ஆட்டோகிராஸ் இருக்கிறது. மோதுவதற்குப் பக்கத்தில் வேறு கார் இருக்காது. தேசியச் சாம்பியன்ஷிப்பில் ஜென்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்றால், அது அந்தந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் பொறுத்தது. இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. வெளியிடும் விதிகளைக் காருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே படித்துவிட வேண்டும். கோப்பைக்கு ஓடும் நாள் வரும்போது, யாரோ கட்டி முடித்து ஓட்டி அலுத்து விற்கும் ரேஸ் காரை வாங்கிக்கொள்ளலாம். கட்டுவதைவிட அது எப்போதும் மலிவு.

எங்கள் பக்கத்துத் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா இருக்கிறார். 1970களில் பிரான்சில் சித்ரோயன் 2சிவி கார்களை மண் மைதானத்தில் ஓடவிட்ட கதையை அவர் சொல்வார். விவசாயி பால் கொண்டுபோன பழைய வண்டிகள், 602 சிசி இன்ஜின், சனிக்கிழமை வெல்டிங், ஞாயிற்றுக்கிழமை பந்தயம். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே பெத்தாங் விளையாட்டும் ரொட்டியும் விட்டுப்போனார்கள், இதை மட்டும் விட்டுப்போகவில்லை.

நாமே தொடங்கலாம். கடலூர் சாலையில் ரோடியர் மில் திடல் இருக்கிறது. பொதுக்கூட்டத்துக்கும் கண்காட்சிக்கும் கொடுக்கிறார்கள். வருடத்தில் ஒரு ஞாயிறு ஆட்டோகிராஸுக்குக் கொடுக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு கார், இரண்டாவது கியரைத் தாண்டாத வேகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு பொது இடத்தில் வேகப் போட்டிக்குத் தண்டனை விதிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. அதே பிரிவில்தான், மாநில அரசு எழுத்தில் அனுமதி தந்தால் நடத்தலாம் என்றும் இருக்கிறது. முதல் பாதியை நம் போலீஸ் அடிக்கடி பயன்படுத்துகிறது. இரண்டாம் பாதியை அரசு பயன்படுத்திப் பார்க்கட்டும்.

ஆம்புலன்ஸ் வாடகையும் தீயணைப்பானும் கூம்பும் எங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஏற்பாடு செய்துகொள்கிறோம். தேதியை மட்டும் அக்டோபர் மழைக்கு முன்னால் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் திடலில் ஜென் என்ன, டிராக்டரே ஓடாது.