கைநோவும் முதுகுநோவும் கூலியின் பகுதியல்ல

புலம்பெயர்ந்து கனடா வந்த எம்மவரில் பலர் இந்நாட்டில் முதன்முதலாகக் கால்வைத்த வேலைத்தலம் ஒரு தொழிற்சாலையே ஆகும். தாயகத்தில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் கமக்காரராகவும் இருந்தோர் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ரனிலும் வாகன உதிரிப்பாகங்களைப் பொருத்தினர். வெதுப்பகங்களில் தட்டங்களை அடுக்கினர். பண்டகசாலைகளில் பெட்டிகளைத் தூக்கினர். இரவு வேளைகளில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தனர். அவ்வுழைப்பிலேதான் வீடுகள் வாங்கப்பட்டன, பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றனர், ஊரிலுள்ள உறவுகளுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. இவை குறித்து மேடைகளில் பெருமையுடன் பேசுகின்றோம். அவ்வுழைப்பு அவர்களது தோள்களிலும் மணிக்கட்டுகளிலும் முதுகெலும்பிலும் விட்டுச்சென்ற தடத்தைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை.

எமது வீடுகளில் அத்தடம் கண்ணுக்குத் தெரியாததன்று. நடுச்சாமத்தில் கை விறைத்து எழுந்திருந்து கையை உதறும் தாய், கட்டிலிலிருந்து எழுவதற்கு முன் பத்து நிமிடம் முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கும் தந்தை, குளியலறை அலுமாரியில் சித்தாலேபக் குப்பி, வேலைப்பையில் நோ மாத்திரை. கேட்டால் வாதம் என்பார்கள், குளிர்நாடு என்பார்கள், வயது போனால் வருவதுதானே என்பார்கள். நாற்பது வயதில் என்ன வயது போய்விட்டது? இவற்றுள் பலவற்றின் காரணம் வேலைத்தலத்திலேயே உள்ளது.

மணிக்கட்டை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையின் அடியில், எலும்புகளுக்கும் ஒரு தடித்த நாருக்கும் இடையே குகை போன்ற ஒடுங்கிய வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் அவ்வழியாகவே செல்கின்றன. ஒரே அசைவை ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவைகள் செய்யும்போது, அதிலும் மணிக்கட்டு வளைந்த நிலையில் அழுத்தத்துடன் செய்யும்போது, தசைநாண்களைச் சுற்றியுள்ள சவ்வு வீங்குகின்றது. இடம் போதாமல் நரம்பு நெரிபடுகின்றது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியன விறைக்கின்றன. சின்னவிரல் பெரும்பாலும் தப்பிவிடுகின்றது. இதுவே கார்ப்பல் ரனல் உபாதை. தொடக்கத்தில் ஓய்வாலும் வேலைமுறையை மாற்றுவதாலும் குணமாகக்கூடியது. ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டால் பெருவிரலின் அடித்தசை கரைந்து, தேநீர்க் கோப்பையைப் பிடிக்கவும் வலுவற்றுப் போகும். அதிரும் கருவிகளும் குளிரூட்டிய அறைகளில் செய்யும் இறைச்சி, மீன் பதனிடும் வேலைகளும் இத்துன்பத்தை விரைவுபடுத்துவன.

இது கணனி யுகம் கொண்டுவந்த புதுநோய் என்று எவரேனும் எண்ணினால் அது தவறு. இத்தாலிய வைத்தியரான பெர்னார்டினோ ரமாட்சினி தொழிலாளரின் நோய்கள் குறித்துத் தாம் எழுதிய நூலை 1700 இல் வெளியிட்டார். 1713 இல் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பில், ஓயாது அமர்ந்திருப்பதாலும் கையை ஒரே திசையில் இடைவிடாது அசைப்பதாலும் எழுத்தர்கள் அடையும் துன்பத்தை விவரித்துள்ளார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுடன் "உமது தொழில் யாது?" என்பதையும் வைத்தியர்கள் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. முந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் அக்கேள்வி கேட்கப்படாமலேயே எம்மவர் பலர் மருந்துச் சீட்டுடன் வீடு திரும்புகின்றனர்.

வேலைக்கேற்ப மனிதரை வளைக்காது, மனிதருக்கேற்ப வேலையை அமைப்பதே பணிச்சூழலியல் எனப்படும் துறை. இதற்குப் பெருஞ்செலவு வேண்டும் என்பது முதலாளிமாரின் வழமையான சாட்டு. பொருத்துமேசையை முழங்கை உயரத்துக்கு உயர்த்துவதற்கு எவ்வளவு செலவாகும்? நிலத்தில் கிடக்கும் பெட்டிகளை இடுப்பு உயரத்தில் வைப்பதற்கு ஒரு தூக்கு மேசை போதும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1991 இல் திருத்தியமைத்த தூக்குதல் சூத்திரம், மிகச் சாதகமான நிலையிலேயே 23 கிலோவை மேல்வரம்பாகக் கொள்கின்றது. சாதகமான நிலை என்பது பொருள் உடலோடு ஒட்டியிருத்தல், இடுப்புக்கு அண்மையான உயரத்தில் இருத்தல், உடலைத் திருகாமல் தூக்குதல், எப்போதாவது தூக்குதல், நல்ல கைப்பிடி இருத்தல் என்பனவாகும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வரம்பு இறங்கும். நிலத்திலிருந்து, கைநீட்டி, உடலைத் திருப்பி, நிமிடத்துக்குப் பல தடவைகள் தூக்குபவருக்கு 10 கிலோவும் அதிகமாகலாம். பாரம் எவ்வளவு என்பதோடு அது உடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதையும் பார்க்க வேண்டும். முதுகு நோகின்றது என்றவருக்கு மேற்பார்வையாளர் ஒரு இடுப்புப்பட்டியைக் கொடுத்துக் கடமையை முடித்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். அத்தகைய பட்டிகள் காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என அதே நிறுவனம் 1994 இலேயே அறிவித்துவிட்டது. வேலைகளைச் சுழற்சி முறையில் மாற்றித் தருவதும் அவ்வாறே. மூன்று மேசைகளுக்கு மாற்றினாலும் மூன்றிலும் அதே மணிக்கட்டே வேலை செய்யுமாயின் அது சுழற்சியன்று.

அலுவலகங்களில் அமர்ந்திருக்கும் எமது இளையோரும் தப்பியவர்களல்லர். மடிக்கணனியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பதால் கழுத்துக்கு வசதியாக வைத்தால் கைக்குத் துன்பம். கைக்கு வசதியாக வைத்தால் கழுத்துக்குத் துன்பம். தனியான விசைப்பலகையும் சுட்டியும் வாங்கி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வருமாறு நான்கு தடித்த புத்தகங்களின் மேல் கணனியை வைத்தால் இச்சிக்கல் பெரும்பாலும் தீரும். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கட்டும். பாதங்கள் நிலத்தில் பதியட்டும். அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கட்டும். இவற்றைப் பெரும் நிறுவனங்கள் தாமாகவே கற்பிக்கின்றன. ஆகவே இங்கு நாம் அதிகம் கவலைப்படுவது அவர்களுடைய பெற்றோரைப் பற்றியே.

சட்டம் என்ன சொல்கின்றது? பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1998 முதல் தசை எலும்பு உபாதைகளைத் தடுப்பதற்கெனத் தனி விதிகளை நடைமுறையில் வைத்துள்ளது. ஒன்ராறியோவில் அத்தகைய தனி ஒழுங்குவிதி இல்லை. 2007 இல் வழிகாட்டி ஒன்று வெளியிடப்பட்டது; வழிகாட்டி சட்டமாகாது. சூழ்நிலைக்கேற்ற நியாயமான முன்னெச்சரிக்கை அனைத்தையும் தொழில்தருநர் எடுக்க வேண்டும் என்ற பொதுக் கடப்பாட்டிலேயே யாவும் தங்கியுள்ளன. அமெரிக்காவில் 2000 நவம்பரில் கொண்டுவரப்பட்ட பணிச்சூழலியல் விதியை 2001 மார்ச்சில் அந்நாட்டுக் காங்கிரஸ் நீக்கிவிட்டமை, இவ்விடயத்தில் வணிகத் தரப்பின் கை எவ்வளவு நீளமானது என்பதைக் காட்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கால்நூற்றாண்டாக இருந்துவரும் விதி ஒன்ராறியோவுக்கு மட்டும் ஏன் ஆகாது? வாக்குக் கேட்டு எமது வாசலுக்கு வரும் மாகாண சபை வேட்பாளர்களிடம், தமிழர் விழாவில் வேட்டி கட்டிப் படம் எடுத்துக்கொள்பவர்களிடமும், இக்கேள்வி கேட்கப்பட வேண்டும்.

எனினும் இருக்கும் உரிமைகளையே எம்மவர் பயன்படுத்துவதில்லை. ஏஜென்சி ஊடாக வேலைக்குச் செல்பவர் முறையிட்டால் நாளை அழைப்பு வராது என அஞ்சுகின்றார். குடிவரவு வழக்கு முடியாதவர் எந்தப் பத்திரத்திலும் தமது பெயர் ஏறாமலிருப்பதே நல்லது என நினைக்கின்றார். இவ்வச்சங்கள் காரணமற்றவை என நாம் சொல்லமாட்டோம். ஆயினும் அறிந்திருக்க வேண்டியவை சில உள்ளன. வேலைத்தலப் பாதுகாப்பு மற்றும் காப்புறுதிச் சபையின் இழப்பீடு குடிவரவு நிலையைப் பொறுத்ததன்று. அதற்கான கட்டணம் முழுவதையும் தொழில்தருநரே செலுத்துகின்றார். இழப்பீடு கோருவது பிச்சையுமன்று, முதலாளி மீது வழக்குப் போடுவதுமன்று. விபத்து நிகழ்ந்தோ தொழில்நோயை அறிந்தோ ஆறு மாதங்களுக்குள் கோரிக்கை அனுப்பப்பட வேண்டும். கோரிக்கை வைக்காதவாறு தொழிலாளரைத் தடுப்பதை 2015 இல் நிறைவேறிய திருத்தம் வெளிப்படையாகவே தடைசெய்கின்றது. இருபது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் இடத்தில் கூட்டுப் பாதுகாப்புக் குழு இருத்தல் வேண்டும்; அக்குழு எழுத்தில் தரும் பரிந்துரைக்கு 21 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும்.

இவை யாவற்றுக்கும் முதற்படி வைத்தியரிடம் "இது வேலையால் வந்தது" என்று சொல்வதே. அப்போதுதான் அவர் எட்டாம் இலக்கப் படிவத்தை நிரப்பிச் சபைக்கு அனுப்புவார். இங்கே இளையோருக்கு ஒரு வேலை உண்டு. அம்மாவுக்கு மொழிபெயர்க்க வைத்தியரிடம் செல்லும்போது "கை நோகுதாம்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். எந்த இயந்திரம், ஒரு மணிக்கு எத்தனை தடவை, எந்தக் கை, எப்போது தொடங்கியது, எந்த மேற்பார்வையாளரிடம் எந்தத் திகதியில் சொன்னார் என்பவற்றை முதல்நாள் இரவே அவரோடு அமர்ந்து ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், தொழிற்சங்கம் இல்லாதவர்களுக்கு மாகாணத்தின் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக உதவுகின்றது. 1989 இல் தொடங்கப்பட்ட ஒன்ராறியோ தொழிலாளர் தொழில்நலக் கிளினிக்குகளில் பணிச்சூழலியல் நிபுணர்களும் உள்ளனர், அச்சேவையும் இலவசமே.

எமது சொந்த வணிகர்களுக்கும் ஒரு சொல். அரிசி மூட்டை அடுக்கும் பொடியனும், விருந்து மண்டபத்தின் சமையலறையில் நாள் முழுவதும் சீமெந்துத் தரையில் நின்று ரொட்டி போடும் அக்காவும் இதே சட்டத்தின் கீழ்தான் வருகின்றனர். ஊரவர், உறவினர் என்பதால் வேலை கொடுத்தோம் என்று கூறுவோர், மூட்டை தள்ள ஒரு தள்ளுவண்டியும் நிற்குமிடத்தில் ஒரு தடித்த றப்பர் விரிப்பும் வாங்கிக் கொடுத்திருக்கின்றனரா என்பதைத் தாமே பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரே அசைவால் வரும் உபாதைகளுக்கான விழிப்புணர்வு நாள் 2000 ஆம் ஆண்டு முதல் பெப்ரவரி மாதத்தின் இறுதி நாளில் நினைவுகூரப்படுகின்றது. பெப்ரவரி 29 மட்டுமே ஆண்டுதோறும் திரும்ப வராத நாள் என்பதால் அதனைத் தேர்ந்தார்களாம். தை மாதத்தில் பொங்கலும் மரபுத் திங்களும் கொண்டாடும் எமது அமைப்புகள், மறுமாத இறுதியில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, ஒரு நிபுணரையும் ஒரு சட்ட ஆலோசகரையும் அழைத்து, மாலை வேலைக்குச் செல்வோரும் வரக்கூடிய நேரத்தில் தமிழில் ஒரு கூட்டம் வைக்கட்டும்.