சர்க்கரைக் கிளியும் வெற்றிலை பாக்கும்

போன வருஷம் நவராத்திரி ஆரம்பிப்பதற்கு இரண்டு நாள் முன்னால், அரைக் கிலோ முந்திரிப் பருப்பு வாங்கிக்கொண்டு மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். பொம்மைக் கடைக் கூட்டத்தில் நசுங்கி ஒருவழியாக வீடு சேர்ந்து லிஃப்டுக்காக நிற்கையில், எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடி அம்மாள் எதிரே வந்தார். அவர் கணவர் காலமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. என் மனைவிக்கு முழங்கால் வலி என்பதால் அழைப்பு வேலை இப்போதெல்லாம் என்னுடையது. "கொலுவுக்கு அவசியம் வாங்கோ" என்றேன்.

"நான் இனிமே எப்படி சார் வர்றது?" என்றார். கோபமாகவோ அழுகையாகவோ இல்லை. பால்காரர் இன்று வரவில்லை என்று சொல்வதுபோல் சொன்னார்.

அன்றைக்கு எழுத நினைத்ததை இப்போதுதான் எழுதுகிறேன். கொலுவுக்கு வீட்டிலேயே சின்னச் சின்ன இனிப்புப் பொம்மைகள் செய்யுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாதபடி எனக்கு ஓர் அத்தை இருந்தாள்.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். பெங்களூரில் வாழ்க்கைப்பட்டு, இருபது வயது முடிவதற்குள் திரும்பி வந்தவள். வந்தபோது அவள் கொண்டுவந்த தகரப் பெட்டியில் நாலு புடவையும், துணியில் சுற்றிய ஆறு மர அச்சுகளும் இருந்தன என்று பாட்டி சொல்வாள். கர்நாடகத்தில் சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கொடுக்கும்போது கூடவே ஒரு சர்க்கரை அச்சும் கொடுப்பார்கள். துளசி மாடம், யானை, கிளி, கோபுரம் என்று பல வடிவங்கள். சங்கராந்திக்கு உரியதை அத்தை எங்கள் வீட்டில் நவராத்திரிக்கு மாற்றிவிட்டாள். மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில், நாலு குடித்தனம் இருந்த வீடு. கொலு வைக்கும் நாலு குடித்தனத்திலும் சுண்டல்தான். சர்க்கரைக் கிளி எங்கள் வீட்டில் மட்டும்.

அதைச் செய்வது விளையாட்டு வேலை இல்லை. அச்சுகளை முதல் நாளே தண்ணீரில் போட்டு ஊறவைக்க வேண்டும். காய்ந்த மரத்தில் பாகு ஒட்டிக்கொண்டு வராது. சர்க்கரையில் தண்ணீர் விட்டுக் கொதித்ததும் இரண்டு கரண்டி பால் விடுவாள். அழுக்கு எல்லாம் நுரையாகத் திரண்டு மேலே வரும். அதை எடுத்துவிட்டு, துணியில் வடிகட்டி, ஒரு டம்ளர் பாகை மட்டும் சின்ன உருளியில் எடுத்து மறுபடி அடுப்பில் வைப்பாள். மொத்தமாகக் காய்ச்சினால் அச்சில் ஊற்றுவதற்குள் பாத்திரத்திலேயே இறுகிப்போகும். கம்பிப் பதம் தாண்டியதும் இறக்கி வைத்துக் கரண்டியால் தேய்ப்பாள். கண்ணாடி மாதிரி இருந்த பாகு மங்கி வெளுக்கும். அந்த நிமிஷம் ஊற்ற வேண்டும். கொஞ்சம் முந்தினால் பிசுக்கு, பிந்தினால் மணல். இரண்டு பாதி அச்சையும் சேர்த்து நூலால் கட்டிப் பிடித்துக்கொள்வது என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. கால் மணி கழித்துக் கட்டைப் பிரித்தால் வெள்ளை வெளேரென்று ஒரு கிளி. மூக்கு மட்டும் பாதி நேரம் உடைந்து அச்சிலேயே நின்றுவிடும். உடைந்த கிளி எல்லாம் எனக்கு. சில சமயம் நானே வேண்டுமென்று ஆட்டியிருக்கிறேன்; அத்தைக்குத் தெரியும்.

நம் ஊர் ஐப்பசிக்கு இது ஒத்துவராத பட்சணம் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. பெங்களூர் ஜனவரியில் காற்று வறண்டிருக்கும். இங்கே நவராத்திரி முடிவதற்குள் மழை வந்து நிற்கும். சர்க்கரைக் கிளிக்கு வியர்க்கும். அத்தை பித்தளைத் தூக்கின் அடியில் அரிசியைப் பரப்பி, மேலே காகிதம் போட்டு, அதில் கிளிகளை அடுக்கி மூடிவைப்பாள். சர்க்கரை ரேஷனில் வந்த காலம் அது. இந்தக் கிளிகளுக்காக ஆடியிலிருந்தே தன் காபியில் சர்க்கரையை நிறுத்திவிடுவாள். அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நானே பார்த்துத் தெரிந்துகொண்டது.

சாயங்காலம் வருகிறவர்கள் பாடுவார்கள், சுண்டல் வாங்கிக்கொள்வார்கள், கிளியைக் கையில் எடுத்து, "அடடா, இது யார் பண்ணினா?" என்பார்கள். "ஆத்துலதான் பண்ணினோம்" என்பாள் அம்மா. பொய் இல்லை. ஆனால் பண்ணினவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். ஒன்பது நாளும் அவள் கூடத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. அவள் செய்த கிளி வெற்றிலை பாக்கோடு ஊரெல்லாம் போகும். அவள் கையில் அந்த வெற்றிலையை யாரும் வைத்ததில்லை. என் அம்மா கெட்டவள் இல்லை. அத்தைக்கு ஜுரம் வந்தால் ராத்திரி முழுக்கக் கண் விழிப்பவள். வழக்கம் என்று ஒன்று இருந்தது, அதற்குள் எல்லோரும் நல்லவர்களாக இருந்தோம்.

இதைச் சொன்னால் என் வயதுக்காரர்களே சிலர், "அதெல்லாம் அந்தக் காலம், இப்போ யார் சார் பார்க்கறா?" என்கிறார்கள். லிஃப்ட் வாசலில் நான் கேட்டது எந்தக் காலம்? யாரும் அவரை வராதே என்று சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துவைத்திருக்கிறார், அவ்வளவுதான். இரண்டு வருஷம் முன்புவரை அதே கூடத்தில் உட்கார்ந்து பாடியவர்.

சரி, பட்சணத்துக்கு வருகிறேன்.

இப்போது கொலு வீட்டுக்குப் போனால் கையில் ஒரு பை தருகிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் டப்பா, ரங்கநாதன் தெருவில் மொத்தமாக வாங்கிய குங்குமச் சிமிழ், கலர் காகிதம் சுற்றிய சாக்லேட் நாலு. 'ஹோம் மேட்' என்று அட்டையில் எழுதியிருக்கும். வீட்டில் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் கடையில் கட்டியாக வாங்கிய 'காம்பவுண்ட்' சாக்லேட்டை உருக்கி அச்சில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தது. அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும்; அதனால்தான் பதம் பார்க்கும் வேலையே இல்லாமல் சுலபமாக உறைகிறது. அந்தச் சுலபம்தான் எனக்குக் குறை. குழந்தைகள் செய்ய அதில் ஒன்றும் மிச்சமில்லை. ஊற்றி வைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விடுகிறார்கள்.

என் சிபாரிசு முந்திரி மாவு. கடைக் கண்ணாடிப் பெட்டியில் கிராம்புக் காம்போடு கலர் கலராக ஆப்பிள், தர்பூசணி வடிவத்தில் இருக்குமே, அதுதான். 200 கிராம் முந்திரியை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டிப் பொடிக்க வேண்டும். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டுக்கொள்ளும். 130 கிராம் சர்க்கரை முழுகத் தண்ணீர் விட்டு, ஒரு கம்பிப் பதம் வந்ததும் பொடியைக் கொட்டிச் சின்னத் தீயில் கிளறுங்கள். துளி எடுத்து உருட்டினால் கையில் ஒட்டக்கூடாது. இறக்கி ஆறவிட்டு, நெய் தொட்டுப் பிசைந்தால் சப்பாத்தி மாவு மாதிரி சொன்னபடி கேட்கும். கிளி, மாங்காய், தாமரை, இலை என்று எது வேண்டுமானாலும் பிடிக்கலாம். காம்புக்குக் கிராம்பு, கண்ணுக்குக் கறுப்பு எள், இலை நரம்புக்குப் பல் குத்தும் குச்சி. சின்னக் குழந்தைக்குக் கொடுக்கும்போது கிராம்பை எடுத்துவிடுங்கள்.

"எங்களுக்கெல்லாம் சர்க்கரை வியாதி, பட்சணம் பற்றி எழுதுகிறீரே" என்பீர்கள். எனக்கும் பதினாலு வருஷமாக இருக்கிறது. மேலே சொன்ன அளவில் முப்பது உருப்படிக்குக் குறையாமல் வரும். ஒன்றில் நாலு கிராம் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் அளவு. போன தீபாவளிக்கு வந்த லட்டு ஒன்றைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 45 கிராம் இருந்தது. மூக்கும் கண்ணும் வைத்த பண்டத்தை யாரும் அவசரமாக வாயில் போட்டுக்கொள்வதில்லை. திருப்பிப் பார்க்கிறார்கள், அடுத்தவருக்குக் காட்டுகிறார்கள், பாதி பேர் பேரனுக்கு என்று முடிந்துகொண்டு போகிறார்கள். டாக்டர் சொல்லிக் கேட்காதவர்களைக்கூட ஓர் அங்குலக் கிளி கட்டுப்படுத்துகிறது.

கலரில் மட்டும் கவனம் வேண்டும். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்களே, ஞாபகம் இருக்கும். அதில் ரோடமைன் பி என்ற சாயம் இருந்தது, துணிக்குப் போடுவது. நம் சட்டத்தில் உணவுக்கு அனுமதித்த செயற்கைக் கலர்கள் எட்டுதான். அதையும் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் சேர்க்கக்கூடாது. அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. கிள்ளிப் போடுகிற கேசரி பவுடர் கணக்கு இதில் எங்கே நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லாத பொட்டலத்தில் விற்கும் கலரை வாங்கவே வேண்டாம். வீட்டிலேயே பீட்ரூட் சாற்றைச் சுண்டக் காய்ச்சி மாவு ஆறிய பிறகு பிசைந்தால் நல்ல ரோஜா நிறம். சூட்டில் சேர்த்தால் மங்கிப்போகிறது. வெந்நீரில் இழைத்த குங்குமப்பூ மஞ்சளுக்கு. வேலியோரச் சங்குப்பூ நீலம் தரும், நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் கத்தரிப்பூ நிறமாகிவிடும். குழந்தைகளுக்கு இதுதான் மந்திரம். கிளிப்பச்சைக்குக் கீரைச் சாறு விட்டுப் பார்த்தேன். நிறம் பிரமாதம், வாசனை மசியல். என் பேத்தி மோந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இந்தக் கிளிக்கு நெய் சாதம் போடலாமா?" என்றாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் கிளி மஞ்சள்.

நம்மைப் போலவே மற்றவர்களும் இந்தப் பருவத்தில் சர்க்கரையில் பொம்மை செய்கிறார்கள். வடக்கே தீபாவளிக்குப் பொரியோடும் பத்தாஷாவோடும் சர்க்கரை யானை, குதிரை வைப்பார்கள். மெக்ஸிகோ நாட்டில் நவம்பர் முதல் இரண்டு நாள் இறந்தவர்களுக்கான பண்டிகை. சர்க்கரையில் மண்டையோடு செய்து, அதைப் பூவும் கோடுமாக அலங்கரித்து, நெற்றியில் ஒரு பெயரையும் எழுதுவார்கள். நம் ஊரில் கேட்டால் 'சிவ சிவா' என்பார்கள். எனக்கு என்னவோ அது பிடித்திருக்கிறது. அங்கே செத்துப்போனவர்களுக்கும் பெயர் சொல்லி ஒரு மிட்டாய் உண்டு. உயிரோடு சமையலறையில் நின்றவளுக்கு எங்கள் வீட்டில் இல்லை.

ஒரே ஒரு தடவை கொடுத்தோம். கொடுத்தது என் மனைவி. கல்யாணமாகி வந்த முதல் நவராத்திரி, 1981. எல்லோரும் போனபிறகு, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய், ஒரு கிளி எல்லாம் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் நின்றாள். அத்தை பயந்துபோய், "எனக்கெதுக்குடி? உங்க மாமியார் பார்த்தா என்ன சொல்லுவா?" என்றாள். மாமியார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வாங்கிக்கோங்கோ அக்கா" என்றாள். முப்பது வருஷம் ஆகியிருந்தது அதைச் சொல்ல. அத்தை பாக்கை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கிளியைத் திருப்பிப் பார்த்து, "இதுக்கு வாலில் பாகு சரியா இறங்கலை" என்றாள். அடுத்த தை மாதம் போய்விட்டாள்.

அதனால் சொல்கிறேன். வெற்றிலை பாக்கு சுமங்கலிகளுக்குத்தான் என்பவர்களோடு நான் சாஸ்திரம் பேச வரவில்லை. எனக்கு அது தெரியாது. வீட்டுக்கு வந்தவர் வெறுங்கையோடு போகக்கூடாது என்பதுதான் எனக்குத் தெரிந்த சம்பிரதாயம். எங்கள் வீட்டில் இப்போது வாசல் தாண்டி உள்ளே வருகிற எல்லோருக்கும் ஒரே தட்டு. வேலை செய்கிற பெண்ணுக்கு, கூரியர் பையனுக்கு, வாட்ச்மேனுக்கு, யாருக்கும். செய்தவர் யாரோ அவர் பெயரையும் சொல்லிவிடுகிறோம், ஏழு வயதானாலும்.

இரண்டாவது மாடி அம்மாளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். என் மனைவி வலிக்கிற காலோடு போய், "கொலுவுக்கு வராட்டா போகட்டும், மாவு பிசைய ஆள் இல்லை, வாங்கோ" என்றாள். சனிக்கிழமை காலையில் வந்தார். பேத்திக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இலை நரம்பெல்லாம் அவ்வளவு நேர்த்தியாகக் கீறினார். என் மாங்காயைப் பார்த்து, "சார், இது உருளைக்கிழங்கா?" என்று கேட்டார். சாயங்காலம் வந்தார், ஆனால் கூடத்துக்குள் வராமல் வாசற்படி ஓரமாகவே நின்றார். தட்டை நீட்டியபோது குங்குமத்தைத் தொடவில்லை. பாக்கையும் ஒரு கிளியையும் எடுத்துக்கொண்டார். நாங்கள் வற்புறுத்தவில்லை.

அத்தையின் ஆறு அச்சுகளில் இப்போது இருப்பது ஒன்று, கிளிதான். ஒரு பாதியில் விரிசல் விட்டு, ரப்பர் பேண்ட் போட்டுத்தான் நிற்கிறது. இந்த வருஷம் மழை தள்ளிப்போனால் ஒரு டம்ளர் பாகு காய்ச்சிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பேத்தி இப்போதே சொல்லிவிட்டாள், மூக்கு உடைந்தது எல்லாம் தனக்கு என்று.